கண்ணாடியை இறக்கின வெள்ளிக்கிழமை

பத்தரைக்கு முன்னால எறக்கிரணுமாம். பத்தரைக்கு ராகுகாலம் வந்துருமாம். கமிட்டித் தலைவரு ஜெயகோபாலு வாசப்படில நின்னுக்கிட்டு கைக்கடியாரத்தத் தட்டித் தட்டிக் காட்டுகான். முப்பத்தோரு வருசம் விசிலடிச்சு பஸ் எடுத்த கண்டக்டரு எனக்கு இவன் நேரம் காட்டுகான். அய்யாவழிக்காரனுக்கு என்னவே ராகுகாலம்? அதையெல்லாம் நம்பாதீங்கன்னு கேட்டு வளந்த கூட்டம்லா நாம? கேட்டா, 'ஒரு சேஃப்டிக்கு அண்ணாச்சி' என்கான். சேஃப்டியாம். கேஸ் சிலிண்டரா மாத்தப் போறான், எளவு. நாம கூடிக் கும்பிடுத இந்த நிழல்தாங்கல்ல செலை கெடையாது, படம் கெடையாது. பள்ளியறைன்னு ஒரு சின்ன அறை, அதுக்குள்ள சுவத்தோட சேந்து ஒரு ஆளுயரக் கண்ணாடி, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு, அம்புட்டுதான். தலப்பா கெட்டி, நெத்தீல நாமம் போட்டு வாறவன் அதுல பாத்தா அவன் மூஞ்சிதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவர ஊரு ஊராத் தேடாண்டாம், இன்னா நிக்கியே, ஒனக்குள்ளதான் இருக்காருன்னு சொல்லதுக்கு ஒரு கண்ணாடி. 'அய்யா உண்டு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போவணும். எவ்வளவு லேசு. அந்த லேசு இவனுவளுக்குப் பொறுக்கல்ல. வெளியூர்க்காரன் வந்து எட்டிப் பாத்துட்டு 'உள்ள ஒண்ணுமே இல்லியே'ன்னு கேக்கானாம், மானம் போவுதாம். கமிட்டி கூடி, பன்னெண்டு பேருல பதினோரு பேரு கை தூக்கி, மார்பிள் செலை வைக்கதா முடிவாயாச்சு. எடுத்துக் குடுக்கது யாருன்னு நெனைக்கிய? எனக்க கூடப்பொறந்த தம்பி நாராயணவடிவு. மஸ்கட்டுலேருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்திருக்கான். கை தூக்காத அந்த ஒருத்தன் நான்.

கை தூக்கத்தான் பதினோரு பேரு இருக்கான். கண்ணாடியத் தூக்க ஒருத்தனுக்கும் கை வரல்ல. தெனமும் வெளக்கேத்திப் பாட்டுப் படிக்கிற பணிவிடைக்காரனத் தவிர வேற ஆளு தொடப்பிடாதுன்னு ஒரு பழக்கம் இருக்குல்லா, அதுக்கு மட்டும் பயம். பத்தொம்பது வருசமா பணிவிடைக்காரன் நாந்தான். அதனால அய்யாவ வெளிய எடுத்துப் போடதுக்கும் தவசிலிங்கம் அண்ணாச்சிதான் வேணும். மாட்டேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். போனா எவனையாவது கூட்டியாந்து உளி வச்சு நெம்புவானுவ, சில்லு சில்லாப் போவும். அதான் நானே திருப்புளிய எடுத்தேன். இன்னைக்கு எறக்கிக் குடுத்துட்டு சாவியத் தலைவருக்கக் கையில வீசிட்டுப் போறதுன்னு ராத்திரியே முடிவு பண்ணியாச்சு. செலைக்கு எவனாவது படிச்சிக்கிடட்டும். நாலு மூலையிலயும் பித்தளைக் கொக்கி. கீழ் ரெண்டும் மேல வலதும் கழண்டுட்டு. மேல எடது கொக்கி துருப்பிடிச்சுக் கெடக்கு, திரும்ப மாட்டேன்கு. மல்லுக்கட்டிக்கிட்டு நிமிந்தா, மூஞ்சிக்கு மூஞ்சி ஒருத்தன் நிக்கான். பல்லைக் கடிச்சிக்கிட்டு, கண்ணு செவந்து, நாமம் வேர்வையில ஒழுகி மூக்குல எறங்கி, குரங்குக்குத் தலப்பா கெட்டி விட்ட மாதிரி. சீ, எனக்க மூஞ்சியா இது. இந்த மூஞ்சியோடயா நான் அய்யாவுக்காகச் சண்டை போடுகேன்? கோவம் வரத்தான் செய்யும். கோவப்படாம இருக்க நான் என்ன மார்பிளா? கொக்கி படக்குன்னு விட்டுது. கண்ணாடி முழுசும் எனக்க நெஞ்சுல சாஞ்சுது. ஒரு கனம் இருக்கே அதுக்கு, தொட்டு தொட்டுத் தொடைச்சவனுக்கே இன்னைக்குத்தான் தெரியுது.

சாமான் வைக்கிற அறையில கொட்டு மேளமும் பிளாஸ்டிக் சேரும் அடுக்கிக் கெடக்கு. அதுக்குப் பொறத்தால மூஞ்சிய சுவத்துக்குக் காட்டிச் சாத்திட்டு வந்தேன். திருப்பித்தான் வைக்கணும்னு தோணிச்சு, ஏன்னு தெரியல்ல. திரும்பி வந்து பாத்தா பள்ளியறைச் சுவத்துல ஒரு ஆளுயரத்துக்கு மட்டும் பழைய பச்சைப் பெயிண்டு, சுத்தி வெள்ளை. பாக்க சகிக்கல்ல. பொம்பளையாளு முப்பது பேரு மண்டபத்துல உக்காந்து ஃபோனுல செலைக்கப் படத்தப் பாக்காளுவ. எனக்க பெண்டாட்டி கனகபாயும் அதுல ஒருத்தி. 'எத்தனை லெச்சணமா இருக்கு பாருங்க, கண்ணு ரெண்டும் நம்மளயே பாக்கது மாதிரி, கையில போட்டிருக்க வளையக் கூட தனித்தனியாத் தெரியுது' என்கா. காலைல காப்பி தரும்போதே சொன்னா, நான் டம்ளர வாங்காம எறங்கி வந்துட்டேன். வளையா? அய்யாவுக்கு வளை எதுக்குட்டீ? உருவம் இல்ல, நெறம் இல்ல, தூரம் இல்ல, பக்கம் இல்லன்னு தெனமும் எங்கூட உக்காந்து படிச்ச வாய்தானே அது? படிப்பு வேற, பாக்கது வேறயா? கண்ணுக்கு அழகா ஒண்ணக் காட்டினா போதும், காதால கேட்டது அத்தனையும் காத்துல போயிருது. பத்து வருசத்துல செலைக்கு ஒரு வேட்டி, வேட்டிக்கு ஒரு ஜரிகை, ஜரிகைக்கு ஒரு நகை, நகைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு கேமரா. கடைசீல கேமரா மட்டும்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கும். யாருகிட்ட சொல்ல? சொன்னா, தவசிலிங்கத்துக்கு ரிட்டயர் ஆன பொறவு கிறுக்குப் பிடிச்சிட்டு என்பானுவ.

வெளிய வந்து வாசப்படில உக்காந்தேன். காரு வந்து நிக்குது. வடிவு எறங்குகான். அம்பத்திரண்டு வயசு, முடிக்கு மை, ஆனா தோள்ல துண்டு போடத் தெரியாம தோள்லேருந்து நழுவி நழுவி விழுது. நேரா எங்கிட்ட வாறான். வராதலே. வந்து, எனக்குக் கீழப் படில உக்காருகான். சின்னதுல உக்காந்த மாதிரியே. 'அண்ணே, கோவமா?' என்கான். இல்லலே, கொண்டாட்டம். வாய்க்குள்ளேயே சொன்னேன், வெளிய சொல்லல்ல. 'எறக்கியாச்சா?' ம். 'ஒடையல்லியே?' ஒடைஞ்சா ஒனக்கென்ன, நீதான் புதுசு வாங்கியாச்சுல்லான்னு கேட்டேன். அவன் நழுவின துண்ட எடுத்துத் தோள்ல போட்டான். பொறவு தரையப் பாத்துக்கிட்டே சொல்லுகான், 'கமிட்டிக்காரன் சொல்லி நான் குடுக்கல்லண்ணே. நாந்தான் அவங்ககிட்ட கேட்டேன். போன வருசம் வந்தப்போ உள்ள போயி நின்னேன். கண்ணாடில எனக்க மூஞ்சிதான் தெரியுது. அம்மை சாவுக்கு வராத மூஞ்சி. அதப் பாத்து எப்படிக் கும்பிட? கண்ண மூடினாலும் அதே மூஞ்சிதான் நிக்குது. எனக்குப் பாக்கதுக்கு வேற ஒரு மொகம் வேணும்ணே. சும்மா பாத்தா போதும், கோவப்படாத ஒரு மொகம். ஒங்களுக்குச் செலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்திய. கடைசித் தண்ணி ஒங்க கையால குடுத்திய. நீங்க எந்த வெறுஞ்சுவத்தப் பாத்தும் கும்பிடுவிய.'

இதச் சொல்லத்தான் வந்தியாலே? எந்திரிச்சுப் போயேன். போய் அந்தப் பொம்பளைகளுக்குப் படத்தக் காட்டேன். இவன் வரல்லங்கதுதானே ரெண்டு வருசமா எனக்குச் சோறு, தண்ணி எல்லாம். டிக்கெட்டு கிட்டல்ல, பாஸ்போர்ட்டு கம்பெனீல இருக்குன்னு சொன்னான். அம்மைக்க மொகத்த ஃபோனுல காட்டுங்கன்னு அழுதான். நான் ஃபோன அவளுக்க மொகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், கை வலிக்க வலிக்க. பிடிச்சுக்கிட்டே மனசுக்குள்ள வைதேன், பாரு, நல்லாப் பாரு, படமாவே பாரு, ஒனக்கெல்லாம் படந்தான் லாயக்குன்னு வைதேன். வைய வைய எனக்கு ஒரு தெம்பு வந்துது. ஏன் வந்துதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பக்கத்துல போவாம ரெண்டு வருசமாச் சுத்திச் சுத்தி வாறேன். ராகுகாலம், மார்பிளு, வளை, கேமரா, ஜெயகோபாலுக்கக் கடியாரம், எல்லாம் சுத்து ரோடு. இப்பம் இவன் நேரே கொண்டு போய் நிப்பாட்டிட்டான். கடைசித் தண்ணி. யாரு குடுத்தா? யாரும் குடுக்கல்ல.

ஆனி மாசத் திருநாளுக்கு மொத நாளு. அம்மைக்கு மூச்சு இழுத்துக்கிட்டு மூணு மாசமாக் கெடக்கா. கனகபாய்க்கு ரேசன் கடைக்குப் போவணும். 'எட்டரைக்கு வந்துருங்க, நான் எறங்கணும், தனியா விடப்பிடாது'ன்னு சொல்லித்தான் என்னைய அனுப்பினா. நான் வருவேன்னு நம்பி அவ எட்டரைக்கு எறங்கிட்டா. நான் இங்க நிக்கேன். காலம்பறப் படிப்பு முடிஞ்சு எல்லாவனும் போயாச்சு. மறுநாளு திருநாளு, நாலு ஊர்க்காரன் வருவான், கண்ணாடி பளிச்சுன்னு இருக்கண்டாமா? பேப்பர நனைச்சு நனைச்சுத் தொடைக்கேன். எடது பக்கம் கீழ மூலையில ரசம் போயி ஒரு கறுப்புப் பொட்டு. அது தொடைச்சாப் போவாதுன்னு எனக்குத் தெரியும். பணிவிடைக்கு வந்த நாளுலேருந்தே தெரியும். அன்னைக்குன்னு பாத்து அத விட மனசு வரல்ல. தொடைக்கேன், தூர நின்னு பாக்கேன், சாஞ்சு பாக்கேன், கிட்ட வந்து பாக்கேன். எவ்வளவு அழகு, எவ்வளவு சுத்தம், இப்படி ஒரு கண்ணாடி எந்தத் தாங்கல்லயாவது உண்டான்னு ஒரு பெருமை. வீட்டுக்குப் போவும்போது ஒம்பதேகாலு. அம்மை பாதிக் கட்டில்ல, பாதித் தரையில. செம்பு உருண்டு சுவத்தோரம் கெடக்கு. கை அந்தப் பக்கமா நீண்டு கெடக்கு. சூடு இருந்துது ஒடம்புல. அவள எடுத்து நேராப் படுக்க வச்சேன். செம்ப எடுத்து மேசைல வச்சேன். தரையத் தொடைச்சேன். தொடைக்கத் தெரியும்லா எனக்கு. கனகபாய் வந்து அலறினப்போ, எனக்க மடில தலைய வச்சுத்தான் போனா, ஒரு வாய் தண்ணி குடிச்சா, போயிட்டான்னு சொன்னேன். யாரும் கேக்கல்ல, நானாச் சொன்னேன். ஊரே சொல்லிச்சு, தவசிலிங்கம் குடுத்து வச்சவன்னு.

அப்போ செலை யாருக்கு இருந்துது? வடிவுக்கு இன்னைக்குத்தான் வருது, லாரில, வைக்கோல்ல சுத்தி. எனக்குப் பத்தொம்பது வருசமா கண்ணாடியே செலையா இருந்துதுல்லா? நான் அதுல அய்யாவ எப்பம் பாத்தேன்? கறையத்தான் பாத்தேன். பளபளப்பத்தான் பாத்தேன். கூப்பிட்ட தூரத்துல ஒரு உசுரு தண்ணிக்குக் கை நீட்டுது, அதுக்குள்ள அய்யா இல்லியா? அவரு அங்க கெடந்து கேட்டாரு, நான் இங்க நின்னு கண்ணாடி தொடைச்சேன். தூ. கமிட்டில எந்திரிச்சு நின்னு என்ன பேச்சு பேசினேன், 'உருவத்தக் கும்பிடாதீங்க'ன்னு. கேட்டவனுக்குச் சிரிப்பு வந்திருக்கண்டாமா? யாருக்கும் தெரியாதே. தெரிஞ்சவரு ஒருத்தருதான், அவருக்குத்தான் வாயில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வடிவு இன்னும் கீழப் படில உக்காந்திருக்கான். துண்டு மறுபடியும் நழுவிட்டு. எனக்கு அவனத் தூக்கிப் போட்டு மிதிக்கணும் போல இருக்கு, கெட்டிப் பிடிச்சுக்கிடணும் போலயும் இருக்கு. ரெண்டும் செய்யல்ல. 'எந்திரி, வெயில் வருது' என்னு மட்டும் சொன்னேன்.

பன்னெண்டு அடிக்க அஞ்சு நிமிசம். அப்பந்தான் ஜெயகோபாலு தலையில கை வச்சான். செலை ராகுகாலம் கழிஞ்சு பன்னெண்டு தாண்டித்தான் ஊருக்குள்ள வரணும்னு லாரிய மெயின் ரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்கானுவ. கண்ணாடி பத்தரைக்கு முன்னாலயே எறங்கியாச்சு. பஞ்சாங்கத்தப் பாத்து எல்லாம் சரியாப் போட்டவனுவளுக்கு, பன்னெண்டு மணிக்கு உச்சிப்படிப்பு உண்டுங்கது மறந்து போச்சு. நாப்பது வருசமா ஒரு நாளு தவறாத உச்சிப்படிப்பு. எவனுக்கும் நெனவு வரல்ல, எனக்கும்தான் வரல்ல, பொய் என்னத்துக்கு? 'அண்ணாச்சி, கண்ணாடிய ஒரு பத்து நிமிசம் திருப்பி மாட்டிருவமா?' என்கான். எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம். 'மாட்டவும் வேண்டாம், மசுரும் வேண்டாம், போயி உக்காரும்வே' என்னு கத்திட்டேன். தாங்கலுக்குள்ள நின்னு அந்த வார்த்த. அய்யா பொறுக்கணும். பொம்பளைகள் ஃபோன இடுப்புல சொருவிக்கிட்டு எந்திரிச்சாளுவ. நான் தலப்பாவ அவுத்து மறுபடி கெட்டினேன். வெளக்கு ரெண்டுக்கும் திரி தூண்டி விட்டேன். பள்ளியறைக்கு நேரே நின்னேன்.

ஒண்ணும் இல்ல. பச்சைப் பெயிண்டு, நாலு ஓட்டை, ஒரு ஓட்டைலேருந்து பொடி உதுந்துக்கிட்டு இருக்கு. கண்ண எங்க வைக்கன்னு தெரியல்ல. பத்தொம்பது வருசமா கண்ணு போய் நிக்கிற எடத்துல பிடிமானம் இல்ல, ஓடுத பஸ்ஸுல கம்பிக்குக் கை நீட்டினா கம்பியக் காணும்னா எப்படி இருக்கும், அப்படி. படிக்கத் தொடங்கினேன். பொறத்தால முப்பது நாப்பது பேரு சேந்து படிக்காங்க. பயமா இருக்கு. அறுபது வயசுல, நட்ட நடுப் பகல்ல, இத்தனை பேருக்கு முன்னால பயம். செலைக்குக் கண்ணு எழுதியிருப்பான், அது பாக்காது. கண்ணாடீல நான் என்னையப் பாப்பேன், எனக்குச் சமாளிக்கத் தெரியும், நாமத்தச் சரி பண்ணிக்கிட்டுத் தப்பிச்சிருவேன். இங்க நான் பாக்க ஒண்ணும் இல்ல. ஆனா என்னைய ஒருத்தரு பாக்காரு. அந்த வெறுஞ்சுவத்துலேருந்து பாக்காரா, பொறத்தாலேருந்து பாக்காரா, எனக்க தொண்டைக்குள்ள இருந்து பாக்காரான்னு தெரியல்ல. பாக்காரு. செம்பு எங்க கெடந்துதுன்னு அவருக்குத் தெரியும். உண்டுன்னு சொல்லுகோமே, இதத்தான் சொல்லுகோமா? இவ்வளவு பக்கத்துலயா? இவ்வளவு நாளும் வாயால சொல்லிக்கிட்டு இருந்தேன், இன்னைக்கு அது என்னையப் பிடிச்சிட்டு. படிப்பு முடியுது. 'அய்யா உண்டு' என்னு எல்லாரும் சொல்லுகாங்க. எனக்குச் சொல்ல வரல்ல. வாய் தெறக்கேன், காத்துதான் வருது.

ரோட்டுல லாரிக்க ஹாரன். அம்புட்டுதான், மண்டபம் காலி. கனகபாய் முந்தானையச் சொருவிக்கிட்டு ஓடுகா, ஜெயகோபாலு 'மெல்ல, மெல்ல, ஒயர் தட்டிராம' என்னு கத்திக்கிட்டு ஓடுகான். திரும்பிப் பாத்தா வடிவு மட்டும் நிக்கான், துண்ட இடுப்புல கெட்டி, ரெண்டு கண்ணும் தெறந்து, அந்தப் பச்சைச் சுவத்தப் பாத்துக்கிட்டு. 'போலே, ஒனக்க செலை வந்துட்டு' என்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். இந்தா சாவின்னு வீசிட்டுப் போவத்தான் மடில கை விட்டேன். கை சாவியத் தொட்டுது, வாய் வேற சொல்லிட்டு.

"வடிவு, கடைசித் தண்ணி நான் குடுக்கல்ல."

அவன் என்னையப் பாக்கான்.

"நான் வீட்டுலயே இல்லலே. இங்க நின்னேன். கண்ணாடி தொடைச்சுக்கிட்டு நின்னேன். அவ செம்புக்குக் கை நீட்டியிருக்கா. எட்டல்ல. நான் போவும்போது எல்லாம் முடிஞ்சிட்டு. ஒங்கிட்டயும் பொய்யி, ஊருலயும் பொய்யி, கனகபாய்க்குக்கூடத் தெரியாது. ரெண்டு வருசமா ஒன்னையத்தான் வைதேன்."

அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சா நல்லா இருக்கும். வாசப்படியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். வெளிய கயித்தப் பிடி, பலகையப் போடுன்னு ஒரே சத்தம். ஜெயகோபாலு தலைய நீட்டுகான். "ரெண்டு பேரும் இங்க என்ன பண்ணுகிய? எறக்கலாமா? வடிவு, நீதாம்ல மொதல்ல கை வைக்கணும், வா."

வடிவு திரும்பல்ல. அவனுக்க மூஞ்சிய நான் இத்தனை பக்கத்துல பாத்து எத்தனை வருசமாச்சு. அம்மைக்க மூக்கு, அம்மைக்க தாடை, கோவம் வந்தா துடிக்க அதே ஒதடு.

"லாரி நிக்கட்டும்" என்னு ஜெயகோபாலுகிட்டச் சொல்லிட்டு, எனக்கு எதுத்தால வெறுந்தரையில சம்மணம் போட்டு உக்காந்தான்.

"செம்புல தண்ணி இருந்துதா, இல்லியா?" என்கான் எனக்க தம்பி. "மொதல்லேருந்து சொல்லுங்க."